அம்மாவின் சுங்குடியை வெட்டலாமா? 12 கீற்றுகளில் சுவரில் மலரும் இலையுதிர்காலம்!

தை முடிந்து மாசி பிறக்கும் நாள்களில் தெருவோர நாட்டு வாதாம் மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நேற்றுவரை பச்சையாக நின்ற இலைகளில் ஒன்று மஞ்சளாகியிருக்கும். பக்கத்து இலை செங்கல் நிறத்தில் இருக்கும். இன்னொன்று அரக்குச் சிவப்பில் பளபளக்கும். சில இலைகளில் இந்த மூன்று நிறமும் சேர்ந்தே இருக்கும். எங்கே மஞ்சள் முடிந்தது, எங்கே சிவப்பு தொடங்கியது என்று கோடு போட்டுக் காட்டவே முடியாது.

வாசல் பெருக்குகிறவர்களுக்கு அது தினமும் இரண்டு கூடை சருகு. துணியை நேசிக்கிறவர்களுக்கோ அது ஒரு பாடம். நிறத்தோடு நிறத்தை எப்படிக் கலக்க வேண்டும் என்ற பாடம்!

அமெரிக்காவிலும் கனடாவிலும் இலையுதிர்காலம் வந்தால், மேப்பிள் இலை நிறங்களில் ஒட்டுத்துணிச் சுவர்த்தொங்கல் தைத்து வரவேற்பறையில் மாட்டுவது பல வீடுகளில் வழக்கம். சின்னச் சின்னச் சதுரங்களை வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம்வரை அடுக்கித் தைத்துப் பின்னணியை உருவாக்குவார்கள். அதன்மேல் இலை வடிவங்களைத் தைப்பார்கள். நம் ஊரில் மேப்பிள் கிடையாது. ஆனால் வாதாம் மரம் இருக்கிறது. பழுத்த பூவரச இலை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறத்துக்குப் பஞ்சமே இல்லாத சுங்குடி இருக்கிறது.

சின்னாளப்பட்டியின் சொத்து

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சிறுமலையைப் பார்த்தபடி இருக்கும் ஊர் சின்னாளப்பட்டி. காந்திகிராமத்துக்குப் பக்கத்து ஊர். ஒரு காலத்தில் 'சின்னாளப்பட்டு' என்றாலே வீடுகளில் தனி மதிப்பு. அசல் பட்டு வாங்க முடியாத குடும்பங்களுக்கு விசேஷ நாளில் பட்டின் மினுமினுப்பைக் கொடுத்தது இந்த ஊரின் செயற்கைப் பட்டுப் புடவைதான். இன்று இந்த ஊரின் அடையாளம் சுங்குடி.

சுங்குடியின் மூலக்கதை மதுரையில் இருக்கிறது. நாயக்கர் காலத்தில் அங்கு குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைவேலை அது. துணியில் புள்ளி குறித்து, அந்த இடத்தை விரலால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சு! பிறகு சாயத்தில் முக்குவார்கள். காய்ந்ததும் முடிச்சைப் பிரித்தால் சாயம் ஏறாத இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகச் சிரிக்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காலப்போக்கில் மெழுகு அச்சு, கட்டை அச்சு, ஸ்கிரீன் பிரின்ட் என்று வேகமான முறைகள் வந்தன. வெயிலுக்கு இதமாக, கைக்கு எட்டும் விலையில் சுங்குடி எல்லா வீட்டு பீரோவுக்குள்ளும் நுழைந்தது.

அந்த பீரோவில்தான் இப்போது சிக்கல் தொடங்குகிறது.

கத்தரிக்கோல் தயங்கும் இடம்

அடித்தட்டில் பத்துப் புடவை கிடக்கும். கட்டுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. ஒன்று அம்மா வேலைக்குப் போன காலத்தில் கட்டியது. ஒன்று அத்தை வளைகாப்புக்கு எடுத்துக் கொடுத்தது. இன்னொன்று பாட்டி கடைசியாகக் கட்டியது. மடிப்பு நைந்துபோயிருக்கும். எடுத்து ஏதாவது தைக்கலாம் என்று கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால், "அதைப் போய் வெட்டுறியாடி?" என்று கூடத்திலிருந்து குரல் வரும். குரல் கொடுக்க ஆள் இல்லாத வீட்டில் கத்தரிக்கோல் இன்னும் அதிகமாகத் தயங்கும்.

இந்தத் தயக்கம் நியாயமானது. துணியை ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். ஆனால் வெட்டாமல் வைத்த துணியும் அப்படியே இருந்துவிடுவதில்லை. பல வருடம் ஒரே மடிப்பில் கிடக்கும் பருத்தி, அந்த மடிப்பிலேயே இற்றுப் போகிறது.

பழைய துணியை நினைவாக மாற்றுவது உலகம் முழுக்கப் பெண்கள் செய்துவந்த வேலை. வங்காளத்தின் காந்தா, பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே உருவிய நூலால் தைத்தது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' போர்வையின் மூலைகளில் 'பூ' என்று சொல்லப்படும் சின்ன ஒட்டுகள் கட்டாயம் இருக்கும். தஞ்சாவூரில் தேரையும் கோயிலையும் அலங்கரிக்கும் தொம்பைகளில் துணிமேல் துணி வைத்துத் தைக்கும் கலை இன்றும் இருக்கிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண், 1942-ல் கணவர் இறந்ததும் அவர் வயலுக்குப் போட்டுப் போன உடைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவைப் போர்த்திக்கொண்டு தூங்குவதற்காக! முழங்கால் தேய்ந்த தடமும் சாயம் போன பாக்கெட் தடமும் அதில் அப்படியே இருக்கின்றன. அந்த ஊர்ப் பெண்களின் ஒட்டுப் போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006-ல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் இடம்பிடித்தன.

நம் வீடுகளுக்கும் இது புதிதல்ல. பிறந்த குழந்தையை முதலில் சுற்றுவது பாட்டியின் பழைய புடவையில். தூளி கட்டுவதும் அதில்தான்.

ஒரு கீற்று போதும்!

நல்ல செய்தி என்னவென்றால், இந்தச் சுவர்த்தொங்கலுக்கு எந்தப் புடவையையும் பலி கொடுக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

அகலத்தில் 12 சதுரம், உயரத்தில் 15 சதுரம். மொத்தம் 180. ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலமாக வெட்டி, நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால், தைத்து முடித்தபின் 2 அங்குலச் சதுரம் கிடைக்கும். ஆக, 24 அங்குல அகலம், 30 அங்குல உயரத்தில் பின்னணி தயார்.

12 நிறம் எடுத்தால் ஒவ்வொரு நிறத்திலும் 15 சதுரம் போதும். அதற்கு இரண்டரை அங்குல அகலத்தில் 37.5 அங்குல நீளக் கீற்று வேண்டும். புடவையின் இரு கரைகளையும் தவிர்த்து, குறுக்குவாட்டில் ஒரே ஒரு கீற்று எடுத்தால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். கரை பெரிதாக இருந்தால் இன்னொரு துண்டு தேவைப்படலாம்.

எங்கே வெட்டுவது? இடுப்பில் முதலில் செருகும் உள்முனையில். யார் கண்ணிலும் படாத இடம், வெயில் படாததால் நிறம் அதிகம் வெளுக்காத இடம். ஃபால்ஸ் தைத்திருந்தால் அந்த ஓரத்தில் நாலு அங்குலம் தையலைப் பிரித்துக்கொண்டு, 3 அங்குலம் வெட்டிவிட்டு, முனையை மடித்துத் தைத்துவிடலாம். ஐந்தரை மீட்டர் புடவை என்பது சுமார் 216 அங்குலம். அதில் 3 அங்குலம் போனது கட்டுகிறவருக்கே தெரியாது. பிளவுஸ் பிட் வெட்டாமல் அப்படியே இருந்தால் புடவையைத் தொடவே வேண்டாம். 12 நிறமும் ஒரே வீட்டில் இருக்காது. அக்கா, சித்தி, பெரியம்மா, எதிர்வீடு என்று ஆளுக்கு ஒரு கீற்று கேட்டால் போதும். தெருமுனை டெய்லரிடமும் வெட்டுத்துணி கிடைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கையால் முடிச்சுப் போட்ட பழைய சுங்குடியாக இருந்தால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுங்கள். புள்ளிகள் ஒன்றுபோல் இல்லாமல், நடுவில் சாயம் துளியாக ஒட்டியபடி, தொட்டால் அந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கியிருந்தால் அது கை முடிச்சாக இருக்கலாம். அப்படி உட்கார்ந்து முடிச்சுப் போடும் கைகள் இன்று குறைவு. அந்தப் புடவையை முழுசாக வைத்திருங்கள். மடிப்பை மட்டும் அவ்வப்போது மாற்றி மடித்து வையுங்கள்.

முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி

வெவ்வேறு வயதுள்ள 12 துணிகள் ஒன்றாகச் சேரப் போகின்றன. அதில் ஒன்று சாயம் விட்டாலும் 180 சதுரமும் வீணாகிவிடும். எனவே ஒவ்வொரு கீற்றையும் தனித்தனியாக அலச வேண்டும். ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். வெள்ளையில் நிறம் ஏறினால் மறுபடி அலசல். நாலைந்து அலசலுக்குப் பிறகும் சாயம் விடும் துணியை ஒதுக்கிவிடுவதே நல்லது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஏற்கெனவே சாயமேற்றிய துணிக்கு அதை நம்பி இருக்க முடியாது.

பழைய சுங்குடி வழவழவென்று நழுவும். வெட்டும்போது சதுரம் சாய்சதுரமாகிவிடும். இதற்கு நம் வீட்டு வைத்தியமே போதும். வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து, துணியை முக்கிக் காயவைத்து, விறைப்பாக இஸ்திரி போட்டால் துணி காகிதம் மாதிரி நிற்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சல்லடையாகத் தெரியும் அளவுக்கு நைந்த துணிக்கு, இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸை அடியில் ஒட்டலாம். தையல் சாமான் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள்.

இரண்டரை அங்குலச் சதுரத்தில் கெட்டி அட்டை ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு, அதை வைத்தே சாக்பீஸால் கோடு போட்டு வெட்ட வேண்டும். ஏற்கெனவே வெட்டிய சதுரத்தை அளவாக வைத்து அடுத்ததை வெட்டினால், ஒவ்வொரு முறையும் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும்.

நிறம் அல்ல, வெளிச்சம்

இப்போதுதான் உண்மையான வேலை. 12 நிறங்களை வரிசைப்படுத்த வேண்டும். புடவைக்கடைப் பெயர்களிலேயே சொன்னால் இப்படி ஒரு வரிசை வரும்: சந்தனம், எலுமிச்சை, மாம்பழ மஞ்சள், சாமந்தி, கனகாம்பரம், வெங்காயத்தோல், செங்கல், குங்குமம், அரக்கு, மெரூன், பாக்கு, காப்பிக்கொட்டை.

பெயரைப் பார்த்து வரிசை போட்டால் ஏமாந்துவிடுவோம். கண் நிறத்தில் மயங்கிவிடும். பளிச்சென்ற குங்குமம், மங்கலான செங்கலைவிட வெளிச்சமானது என்று தோன்றும். ஆனால் அது செங்கல் அளவுக்கோ அதைவிடவோ இருட்டாக இருக்கக்கூடும். இதைக் கண்டுபிடிக்கும் கருவி எல்லோர் கையிலும் இருக்கிறது. துணிகளை வரிசையாக அடுக்கி செல்போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வெளிரிலிருந்து இருட்டுக்குப் படிப்படியாக இறங்கினால் வரிசை சரி. நடுவில் எது துருத்திக்கொண்டு தெரிகிறதோ, அதை இடம் மாற்ற வேண்டும்.

பிரிட்டனைச் சேர்ந்த டெய்ட்ரி ஆம்ஸ்டன், 1980-களில் இப்படி நீர்வண்ண ஓவியம்போல் நிறம் கலையும் ஒட்டுத்துணி வேலையைப் பிரபலமாக்கியவர். சின்னப் பூப்போட்ட துணிகளைத்தான் இந்த முறையில் அதிகம் பயன்படுத்துவார்கள். காரணம், வெறும் நிறத் துணியில் சதுரத்தின் ஓரம் கோடு கிழித்ததுபோல் தெரியும். பூவோ புள்ளியோ இருந்தால் பார்வை ஓரத்தில் நிற்காமல் அடுத்த சதுரத்துக்கு நழுவிப் போகும். நம் சுங்குடிப் புள்ளி இதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது!

இன்னொரு ரகசியம். ஸ்கிரீன் பிரின்ட் துணியைத் திருப்பிப் போட்டால் பின்பக்கம் வெளிறியிருக்கும். ஒரே கீற்றில் இரண்டு நிறம் இலவசம். இரண்டு நிறங்களுக்கு நடுவே பாலம் போட இந்தப் பின்பக்கம் கைகொடுக்கும். முடிச்சுச் சாயத்திலும் மெழுகுச் சாயத்திலும் துணி முழுக்கச் சாயம் இறங்கிவிடுவதால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறத்தில்தான் இருக்கும்.

அடுக்கும் முறை

சுவரில் ஒரு துருக்கித் துண்டையோ பழைய பிளாங்கெட்டையோ தொங்கவிட்டு, சதுரங்களைக் குண்டூசியால் அதில் குத்த வேண்டும். தரையில் அடுக்கினால் மின்விசிறிக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இடது மேல் மூலையில் சந்தனம். அங்கிருந்து மூலைவிட்டமாக இறங்க வேண்டும். முதல் வரியில் 1, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3 என்று சாய்வாக அடுக்கினால், ஐந்து சாய்வு வரிகளில் முதல் நிறத்தின் 15 சதுரமும் சரியாக முடியும். பிறகு எலுமிச்சை, அடுத்து மாம்பழ மஞ்சள். இப்படியே போனால் வலது கீழ் மூலையில் காப்பிக்கொட்டை வந்து நிற்கும்.

இது வெறும் கோடு கோடான அடுக்குதான். கலவை வர வேண்டுமானால் எல்லையைக் கலைக்க வேண்டும். ஒரு நிறம் முடிவதற்கு முன்பே அடுத்த நிறத்தின் இரண்டு மூன்று சதுரங்களை உள்ளே அனுப்புங்கள். முடிந்த நிறத்தின் ஒன்றிரண்டைத் தாண்டி வந்து உட்காரவையுங்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். மறுபடி ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, காலை வெளிச்சத்தில் பார்த்தால் தவறான சதுரம் தானாகவே கண்ணில் படும்.

முடிவானதும் வரிசை எண்ணைச் சின்னக் காகிதத்தில் எழுதிக் குத்திவைத்து, ஒரு படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். தைக்கும்போது ஒரு வரிசை தலைகீழானால் இதுதான் காப்பாற்றும்.

இரண்டு நூல் கணக்கு

டெய்லர்கள் பாஷையில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல். இங்கே தையல் இடம் 2 நூல். தவறுதலாக 3 நூல் போய்விட்டால் என்ன ஆகும்? ஒரு வரிசையில் 11 தையல், ஒவ்வொன்றிலும் இரு பக்கம். 22 நூல், அதாவது இரண்டே முக்கால் அங்குலம் காணாமல் போகும். ஒரு வரிசை சரியாகவும் அடுத்தது குறைவாகவும் வந்தால் மூலைகள் ஒட்டவே ஒட்டாது. மிஷின் தட்டில் ஊசியிலிருந்து 2 நூல் தள்ளி ஒரு செல்லோடேப் ஒட்டிவைத்து, துணி ஓரத்தை அதை உரசியபடி ஓட்டினால் இந்தக் கவலை இல்லை.

முதலில் 12 சதுரங்களை இணைத்து ஒரு வரிசை. இப்படி 15 வரிசை. முதல் வரிசையின் தையல் மடிப்புகளை வலப்பக்கமும், அடுத்த வரிசையின் மடிப்புகளை இடப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட வேண்டும். இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு மூலை சரியாக உட்காரும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து எடுக்க வேண்டும். இழுத்தால் துணி கோணிக்கொள்ளும்.

பின்னணி தயாரானதும் இலைகள். உதிர்ந்த வாதாம் இலையில் சின்னதாக ஒன்றை எடுத்து அட்டையில் வைத்து வரைந்துகொள்ளலாம். காம்பில் குறுகி, மேலே அகலமாக, கரண்டி மாதிரி இருக்கும் அந்த வடிவம் யாருக்கும் உடனே தெரிந்துவிடும். வெளிர் மூலையில் மெரூன் இலை, இருட்டு மூலையில் மஞ்சள் இலை. மூன்று போதும். ஓரத்தை உள்ளே மடித்துக் கையால் தைத்தால் அழகு.

பிறகு அடியில் பழைய வேட்டி, நடுவில் மெல்லிய பருத்திப் போர்வைத் துண்டு, மேலே இந்த ஒட்டு. மூன்றையும் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஊக்கு குத்தி, நிறம் ஓடும் அதே சாய்வில் ஓட்டுத்தையல் போட வேண்டும். சுற்றளவு 108 அங்குலம். மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து 120 அங்குலப் பட்டி வெட்டி ஓரம் கட்டிவிடலாம். பின்பக்கம் மேலே 3 அங்குல அகலத்தில் ஓர் உறை தைத்து, அதற்குள் கம்பு நுழைத்து மாட்ட வேண்டும்.

மாட்டுவதற்கு முன் மறக்கக் கூடாத ஒன்று: கஞ்சியை அலசி எடுத்துவிட வேண்டும். கஞ்சி வாசம் ராமபாணப் பூச்சிக்கு விருந்து அழைப்பு. நேர் வெயில் விழாத சுவராகவும் பார்த்துக்கொண்டால் நிறம் பல வருடம் நிற்கும்.

பின்பக்கம் ஒரு சீட்டு

தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு மூன்று வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. கை பழகியவர்கள் இதை வருமானமாகவும் மாற்றலாம். டேராடூன் அருகே புர்குல் கிராமத்துப் பெண்கள் ஒட்டுத்துணிப் போர்வைகளைத் தைத்து விற்கிறார்கள். சென்னையில் 2019-ல் குயில்ட் கலைக்கென்றே 'இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல்' நடந்தது. ஆனால் முதல் தொங்கலை விற்பதற்காகத் தைக்க வேண்டாம்.

அதன் பின்பக்கத்தில், கம்பு உறைக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணிச் சீட்டு தைத்துவிடுங்கள். அழியாத பேனாவில் 12 வரி எழுத இடம் இருக்கட்டும். சந்தனம், பாட்டியுடையது. கனகாம்பரம், சித்தி கல்யாணத்துக்கு எடுத்தது. அரக்கு, அம்மாவின் முதல் சம்பளப் புடவை. பாக்கு, எதிர்வீட்டு அக்கா கொடுத்தது.

புடவைகள் அப்படியே பீரோவில் இருக்கின்றன, 3 அங்குலம் குறைந்து. அடுத்த பொங்கலுக்கு அதில் ஒன்றை எடுத்துக் கட்டவும் செய்யலாம். வீட்டுக்கு வரும் பெரியம்மா சுவருக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு சதுரத்தில் விரலை வைத்து, "இது எங்கிட்ட இருந்த புடவையாச்சே!" என்று சொல்லும்வரை காத்திருந்தால் போதும்.